‘பதியப்பட்டது’ என்று திரை சொன்னால் நம்பலாமா?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் சொல்வதைப் பதிந்து வைக்கும் சிறிய குழு ஒன்றுக்கு நான் கணனி வேலைகளைச் செய்து கொடுத்து வருகிறேன். பதிவுகள் எல்லாம் ஒரு மடிக்கணனியிலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் இருந்தன. மூன்றும் ஒரே அறையில். “ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று 81 இல் நூலகம் எரிந்தபோது பார்த்தனாங்கள்தானே” என்று குழுவின் மூத்தவர் ஒருவர் ஒருநாள் கேட்டார். அதன்பிறகுதான் பரவல் தரவுத்தளங்களைப் பற்றித் தேடத் தொடங்கினேன். ஒரே பதிவை வெவ்வேறு இடங்களில் உள்ள பல கணனிகளில் வைத்திருந்து, ஒன்று செயலிழந்தாலும் மற்றவற்றைக் கொண்டு இயங்கும் மென்பொருள் அது.

புதிதாக வந்த ஒன்றை மூன்று பழைய கணனிகளில் நிறுவினேன். பரீட்சைக்காக இருநூறு போலிப் பதிவுகளை எழுதவிட்டு, நடுவில் ஒரு கணனியின் வயரைக் கழற்றினேன். இருநூறுக்கும் ‘பதியப்பட்டது’ என்றே திரை சொன்னது. வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு எண்ணிப் பார்த்தால் 197.

மூன்றுதானே என்று நினைக்கலாம். போன வருடம் எங்களிடம் வாக்குமூலம் தந்த அம்மா ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. மகனை எந்த இடத்தில், எந்த நாளில், யாரிடம் கையளித்தார் என்பது அவருடைய குரலில் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தொலைந்த மூன்றில் அதுவும் ஒன்றாக இருந்தால் திரும்பப் போய்க் கேட்பதற்கு ஆளில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்காத விடயமல்ல. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதி, கிளிநொச்சியில் ஒரு பிரதி என்று இருந்திருந்தால் முகமாலை பூட்டிய அடுத்தநாள் என்ன செய்வது? இரண்டு பக்கமும் தங்கள் பாட்டுக்கு எழுதினால் பாதை திறக்கும்போது இரண்டு பதிவேடுகள் முரண்படும். ஒரு பக்கம் எழுதாமல் காத்திருந்தால் முரண்பாடு வராது, ஆனால் அங்கே வேலை நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எரிக் புரூவர் 2000 ஆம் ஆண்டில் முன்வைத்து, 2002 இல் கணித ரீதியாக நிறுவப்பட்ட தேற்றம் சாராம்சத்தில் இதுதான்.

இதற்கு நடைமுறையில் உள்ள வழி, வவுனியாவில் மூன்றாவது பிரதி ஒன்றையும் வைத்து, மூன்றில் இரண்டு இடங்களில் எழுதிய பிறகுதான் ‘பதியப்பட்டது’ என்று சொல்வது. யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டாலும் மற்ற இரண்டும் தொடரும். (அந்த நாட்களில் ஓமந்தையும் ஒழுங்காகத் திறந்திருக்கவில்லை என்பது வேறு கதை.) சொல்ல இலகு. ஆனால் யார் தலைமை, கடைசியாக எழுதியது எது என்பதை மூன்று கணனிகளும் தவறில்லாமல் ஒத்துக்கொள்ளும்படி நிரல் எழுதுவது மிகக் கடினம். புதிய மென்பொருட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2018 ஒக்ரோபர் 21 அன்று, உலகின் மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் இணைப்பு 43 செக்கன்கள் அறுந்தது. அதற்குள் தலைமை மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட சில செக்கன் பதிவுகள் மேற்கில் இல்லை, மேற்கில் எழுதியவை கிழக்கில் இல்லை. சேவை வழமைக்குத் திரும்ப 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் பிடித்தன. அங்கே ஓடியது புதுமென்பொருளுமல்ல. பழைய மைஎஸ்கியூஎல்தான், பல இடங்களில் பரப்பி வைத்திருந்தார்கள்.

நான் வயரைக் கழற்றிப் பார்த்ததைத் தொழிலாகவே செய்பவர் கைல் கிங்ஸ்பரி. 2013 முதல் ‘ஜெப்சன்’ என்ற பெயரில் தரவுத்தளங்களின் இணைப்புகளை வேண்டுமென்றே அறுத்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றுகின்றனவா என்று பார்த்து வெளியிடுகிறார். மொங்கோடிபி அவரிடம் பலமுறை அகப்பட்டது. 2012 நவம்பர் வரை அதன் வழமையான அமைப்பில், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்ற பதிலுக்குக்கூட மென்பொருள் காத்திருக்காது. 2017 இல் திருத்தப்பட்ட பதிப்பு அவரது சோதனையில் தேறியது. 2020 இல், பின்னர் சேர்க்கப்பட்ட வசதி ஒன்றில் மீண்டும் பிழைகள் வந்தன. அதே வருடம், 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரில் இருக்கும் போஸ்ட்கிரெஸிலும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார், அது திருத்தப்பட்டது.

ஆகவே வயது மட்டும் உத்தரவாதமல்ல. ஆனால் பழையவற்றின் பிழைகள் பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே நடந்து, எழுதப்பட்டிருக்கின்றன. புதியதின் பிழையை நாங்களே முதலில் கண்டுபிடிக்க வேண்டிவரலாம், அதுவும் ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்து. இன்னொன்று, செய்த நிறுவனமே இல்லாமல் போகலாம். பலர் விரும்பிய ரீதிங்க்டிபியின் நிறுவனம் 2016 இல் மூடப்பட்டது. நிரல் திறந்த மூலமாக இருந்ததால் மற்றவர்கள் அதைத் தொடர முடிந்தது.

நாங்கள் கடைசியில் புதியதை எடுக்கவில்லை. வங்கியைப்போல நொடிக்கு ஆயிரம் பதிவுகள் எங்களுக்கு வருவதில்லை, கிழமைக்கு நாலைந்துதான். ஒரே கணனியில் போஸ்ட்கிரெஸ். ஒவ்வொரு இரவும் பூட்டிய பிரதி ஒன்று வேறொரு மாவட்டத்துக்கும் இன்னொன்று தீவுக்கு வெளியேயும் போகிறது. திறப்பு இரண்டு பேரிடம் மட்டும், சாட்சி சொன்னவர்களின் பாதுகாப்புக்காக. மின்சாரமோ கணனியோ போனால் அன்று பதிந்தது இழக்கப்படலாம் என்பதால், அன்றைய ஒலிப்பதிவை அடுத்தநாள் காலை வரைக்கும் தொலைபேசியிலிருந்து அழிப்பதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, வெளியே உள்ள பிரதியை வெறுங்கணனி ஒன்றில் இறக்கி, முழுவதும் வருகிறதா என்று எண்ணிப் பார்க்கிறோம். முதல்முறை செய்தபோது ஒலிப்பதிவுகள் எல்லாம் வந்தன. பிள்ளைகளின் புகைப்படங்கள் இருந்த கோப்புறை வரவில்லை. அதைப் பிரதி எடுக்கும் பட்டியலில் சேர்க்க நான் மறந்திருந்தேன். இப்போது சேர்த்தாயிற்று.