வீடியோ விளையாட்டு தாமதம் ஆவது ஏன்? கல்வராயன் மலை முதல் ஆஸ்திரேலியா வரை ஒரு காசுக் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கோமுகி அணை வரும். அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. 2 ஆயிரம், 3 ஆயிரம் அடி உயரத்தில் சின்னச் சின்ன கிராமங்கள். மரவள்ளியும் சாமையும் விளைகிற பூமி. கடுக்காய்க்குப் பேர் போன மலை.

அங்கேயும் செல்போன் ஏறிவிட்டது! ஆனால் செல்போன் ஏறிய அளவுக்கு எல்லா ஊரிலும் சிக்னல் ஏறவில்லை. பொழுது சாய்ந்ததும், சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போகிற பையன்கள் இன்றும் உண்டு. அங்கே அவர்கள் பேசுவது என்ன?

"இன்னும் வரலியாடா?"

"அடுத்த மாசம்னு போட்டுருக்கான்!"

"போன மாசமும் இதையேதான்டா சொன்னான்!"

எது வரவில்லை? பஸ்ஸா? இல்லை. வீடியோ விளையாட்டின் "அப்டேட்"தான் வரவில்லை!

விளையாட்டை ஒரு முறை விற்றுவிட்டு ஒதுங்கிக் கொண்ட காலம் போய்விட்டது. இப்போது விற்ற பிறகும் வேலை இருக்கிறது. பிழைகளைத் திருத்த வேண்டும். புதிய ஊர், புதிய வீரன், புதிய ஆயுதம் என்று சேர்த்துக் கொண்டே இருக்க வேண்டும். இப்படி அவ்வப்போது வருகிற திருத்தத்துக்கும் சேர்ப்புக்கும்தான் அப்டேட் என்று பெயர்.

அது சொன்ன தேதியில் வராவிட்டால் பையன்கள் ஏசுகிறார்கள். "சோம்பேறிகள்" என்கிறார்கள். உண்மையில் காரணம் சோம்பல் அல்ல. பெரும்பாலும் காசுதான்!

கரும்பும் கம்ப்யூட்டரும்

கள்ளக்குறிச்சி சீமையில் கரும்பு தெரியாதவர் இல்லை. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன.

கரணை நட்ட நாள் முதல் வெட்டுகிற நாள் வரை 10 மாதம், 12 மாதம் ஆகும். அதுவரை உழவுக் கூலி, களைக் கூலி, உரம், தண்ணீர் என்று கையை விட்டுப் பணம் போய்க் கொண்டே இருக்கும். ஒரு பைசா திரும்பி வராது. இளங்கரும்பாக வெட்டினால் சர்க்கரைச் சத்து குறைவு. ரொம்பவும் முற்ற விட்டாலும் சத்து இறங்கிவிடும். பதம் பார்த்து வெட்ட வேண்டும்.

வீடியோ விளையாட்டும் இப்படிப்பட்ட பயிர்தான். இரண்டு வருஷம், மூன்று வருஷம், பெரிய விளையாட்டானால் எட்டு வருஷம் கூட ஆகும். அத்தனை நாளும் சம்பளச் செலவு. விற்பனைக்கு வருகிற நாள்தான் வெட்டுகிற நாள்.

ஒரு வித்தியாசம் உண்டு. கரும்புக்கு ஒரு விலை நிர்ணயம் இருக்கிறது. ஆலைக்கு வந்த கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்கிறது. பாக்கிக்காக விவசாயிகள் போராடுவது வேறு கதை. விளையாட்டு செய்கிறவருக்கோ அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. விற்றால் உண்டு. விற்காவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் மண்!

ஒரு சிறு கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தலைக்கு மாதச் சம்பளம் 40 ஆயிரம் ரூபாய். மாதம் 4 லட்சம். இரண்டு வருஷத்துக்கு 96 லட்சம். வாடகை, கரண்ட், கம்ப்யூட்டர் எல்லாம் தனி.

விளையாட்டின் விலை 500 ரூபாய். அந்த 500 முழுவதும் அவர்கள் கைக்கு வராது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் "ஸ்டீம்" என்ற இணையக் கடை நூற்றுக்கு 30 எடுத்துக் கொள்கிறது. மிகப் பெரிய விற்பனைக்குத்தான் அது குறையும். செல்போனில் கூகுளும் ஆப்பிளும் நெடுநாள் அதே 30-தான் எடுத்து வந்தன. 2021-ம் ஆண்டு முதல் சிறிய கம்பெனிகளுக்கு 15 ஆகக் குறைத்தன.

ஆக, 500-ல் 150 போனால் மீதி 350. வரியைக் கணக்கில் சேர்க்காமலே, போட்ட முதலை எடுக்க மட்டும் 27 ஆயிரத்து 400-க்கு மேற்பட்ட பிரதிகள் விற்க வேண்டும்!

இப்போது வேலை ஆறு மாதம் தள்ளிப் போகிறது. செலவு 24 லட்சம் ஏறி, 1 கோடியே 20 லட்சம் ஆகிவிடுகிறது. விற்க வேண்டிய பிரதி 34 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த ஆறு மாதச் சம்பளத்தை எங்கே போய்க் கடன் வாங்குவது?

"இன்னும் ஆறு மாதம்" என்று சொல்வது வாய்க்கு சுலபம். மடிக்குத்தான் கனம்!

அவசரப்பட்டால்?

"அப்படியானால் சொன்ன தேதியில் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

போலந்து நாட்டில் "சி.டி. ப்ராஜக்ட்" என்று ஒரு கம்பெனி. "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டை 2020 ஏப்ரல் 16-ந் தேதி வெளியிடுவதாகச் சொன்னார்கள். பிறகு செப்டம்பர் என்றார்கள். பிறகு நவம்பர் என்றார்கள். கடைசியில் டிசம்பர் 10. முடிவு நெருங்கியதும் ஊழியர்களுக்கு வாரம் 6 நாள் வேலை.

மூன்று முறை தள்ளிய பிறகு நாலாவது முறை தள்ள மனம் வரவில்லை. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் லட்சக்கணக்கானோர். கிறிஸ்துமஸ் வியாபாரம் வேறு. விட்டுவிட்டார்கள்.

விற்பனை என்னவோ பிரமாதம்! அந்த வருஷ முடிவுக்குள் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயின. ஆனால் பழைய "பிளேஸ்டேஷன்" பெட்டிகளில் விளையாட்டு தள்ளாடியது. நடுவில் நின்றது. டிசம்பர் 18-ந் தேதி சோனி நிறுவனம் அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பணம் வாபஸ் கேட்டவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. மறுபடி கடையேற 2021 ஜூன் மாதம் ஆயிற்று.

அதோடு விட்டார்களா? இல்லை. அப்டேட் மேல் அப்டேட்டாகத் திருத்தினார்கள். 2023 செப்டம்பரில் புதிய பாகமும் வந்தது. போன பெயர் திரும்பியது. ஆனால் பதம் பாராமல் வெட்டியதற்கு மூன்று வருஷம் அபராதம் கட்டினார்கள்!

காத்திருக்க முடிந்தவர்கள்

இதற்கு நேர் எதிரான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது.

அடிலெய்டு நகரில் "டீம் செர்ரி" என்று ஒரு சிறிய கூட்டம். ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2014-ல் பொதுமக்களிடம் முன்பணமாக சுமார் 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பக்காரர் அச்சாரம் வாங்கிக் கொண்டு வேலை தொடங்குவதைப் போல! 2017-ல் "ஹாலோ நைட்" என்ற விளையாட்டு வந்தது. அது 1 கோடியே 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அச்சாரம் கொடுத்தவர்களுக்கு இன்னொரு சேர்ப்பும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சேர்ப்பு வளர்ந்து கொண்டே போய், 2019-ல் "சில்க்சாங்" என்ற தனி விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள். 6 வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்!

2025 செப்டம்பர் 4-ந் தேதி வெளிவந்தது. விலை 20 டாலர். ஒரே நேரத்தில் கூட்டம் மொய்த்ததில் இணையக் கடைகளே சற்று நேரம் திணறி நின்றன. ஸ்டீமில் மட்டும் ஒரே சமயத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள்.

இவர்களால் மட்டும் எப்படித் தள்ள முடிந்தது? முதல் விளையாட்டில் வந்த பணம் கையில் இருந்தது. ஆள் குறைவு, சம்பளச் செலவு குறைவு. தேதி கேட்டு நெருக்கப் பங்குதாரர் இல்லை. சொந்தப் பணத்தில் பயிர் செய்கிறவர் பதம் வரும் வரை காத்திருக்கலாம். கடனில் பயிர் செய்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது?

பெரிய முதலாளிகளுக்கும் இது தலைவலிதான். உலகமே எதிர்பார்த்த "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6" முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். அறிவித்ததும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது! ஆனாலும் அவர்களால் தாங்க முடியும். அதற்கு முந்திய விளையாட்டு 2013-ல் வெளிவந்த மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூல் செய்தது. அந்தப் பழைய விளையாட்டில் இன்னும் காசு வருகிறது.

நம் நாட்டு அனுபவம்

புனே நகரில் "நாடிங் ஹெட்ஸ்" என்ற சிறிய கம்பெனி. அசுரர்கள் கடத்திய தம்பியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதையை "ராஜி" என்ற விளையாட்டாகச் செய்யத் தொடங்கினார்கள். 2017-ல் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டார்கள். குறி வைத்த தொகை சேரவில்லை. அந்த முறையில் தொகை முழுவதும் சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது!

பிறகு ஓர் அமெரிக்கக் கம்பெனியின் மானியம் கிடைத்தது. வெளியிடுகிறவரும் கிடைத்தார். 2020-ல் விளையாட்டு வெளிவந்தது. அந்த வருஷம் உலக விருதுப் பட்டியலில், சிறந்த முதல் படைப்புக்கான போட்டியில் இடம் பெற்றது. திறமைக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. முதல்தான் பஞ்சம்!

இலவசம் என்றால் யார் பணம்?

மலை மேட்டில் காத்திருக்கும் பையன்கள் ஆடுவது பெரும்பாலும் இலவச விளையாட்டு. "நாம் காசே கொடுக்கவில்லையே, அவனுக்கு என்ன லாபம்?" என்று அவர்கள் நினைக்கலாம்.

லாபம் இருக்கிறது. நூறு பேர் ஆடினால் காசு செலவழிக்கிறவர்கள் ஒரு சிலர்தான். வீரனுக்குப் புதுச் சட்டை, துப்பாக்கிக்குப் புது வர்ணம் என்று அவர்கள் வாங்குகிறார்கள். மற்றவர்கள் திருவிழாக் கூட்டம். கூட்டம் இருந்தால்தான் கடை நடக்கும். அப்டேட் என்பது கடைக்கு வரும் புதுச் சரக்கு. சரக்கு தாமதமானால் வியாபாரம் படுத்துவிடும். சம்பளமும் சர்வர் செலவும் மட்டும் நிற்காது. அதனால் இலவச விளையாட்டுக் கம்பெனி அப்டேட்டை வேண்டுமென்று தாமதம் செய்வது அபூர்வம்.

சில சமயம் தாமதம் சர்க்கார் உத்தரவால் வரும். 2022 பிப்ரவரியில் "ஃப்ரீ ஃபயர்" விளையாட்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2023 செப்டம்பர் 5-ந் தேதி "ஃப்ரீ ஃபயர் இந்தியா" என்று திரும்பி வருவதாகத் தடபுடலாக அறிவித்தார்கள். கிரிக்கெட் வீரர் தோனி விளம்பரத் தூதர்! தேதிக்கு முதல் நாள், "சில வாரம் தள்ளி வைக்கிறோம்" என்றார்கள். வாரம் மாதமாயிற்று. வருஷமும் புரண்டது!

காத்திருக்கிற நேரத்தில் கை அரித்துப் பணம் வைத்து ஆடும் பக்கம் போனவர்களும் உண்டு. அது விளையாட்டல்ல, சூதாட்டம். பல குடும்பங்கள் நாசமான பிறகு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. கடுக்காய் பொறுக்கிச் சேர்த்த காசு ஒரு ராத்திரியில் போக விடலாமா? பெற்றோர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

இட்லிக்குக் கிடைத்த பரிசு

அப்படியானால் கையில் முதல் இல்லாதவர் விளையாட்டு செய்யவே முடியாதா? முடியும். சிறிதாகச் செய்ய வேண்டும்.

கனடாவில் டொரன்டோ நகரில் "விசை கேம்ஸ்" என்ற சிறிய கம்பெனி 2023 ஜூலை 31-ந் தேதி "வெண்பா" என்ற விளையாட்டை வெளியிட்டது. 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. இட்லி அவிக்க வேண்டும். புட்டு செய்ய வேண்டும். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் பக்குவம் பிடிக்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்!

இந்தச் சின்ன விளையாட்டுக்கு 2024-ல் பிரிட்டனின் "பாஃப்டா" விருது கிடைத்தது. சிறிய கம்பெனிகளுக்கான அமெரிக்கப் போட்டியில் தலையாய பரிசும் கிடைத்தது. காணி நிலத்தில் கரும்பு போட முடியாதவன் கால் காணியில் கத்தரி போட்டுப் பிழைப்பதில்லையா? அப்படித்தான்!

அந்தப் பையனுக்காகவும்தான்

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மேட்டில் நிற்கும் பையன் அறிய மாட்டான்.

செல்போன்களில் நூற்றுக்கணக்கான ரகங்கள். புதிய போனில் துள்ளி ஓடுகிற அப்டேட் பழைய போனில் படுத்துவிடும். ஒரு ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று அப்டேட் பருத்தால், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. கிடைக்கிற பையனின் அன்றாடப் படியே அதில் கரைந்துவிடும். பாதி இறங்கும்போது சிக்னல் போனால் மறுபடி அவஸ்தை.

பழைய போனிலும் ஓட வேண்டும், குறைந்த சிக்னலிலும் இறங்க வேண்டும் என்று சோதித்துச் சோதித்து இளைக்க வைக்க நாள் பிடிக்கும். அந்த நாளுக்கும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதற்கு மனம் இல்லாத கம்பெனி, "பழைய போன்களில் இனி ஓடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவை சாத்திவிடும். அப்போது தேதி தவறாமல் அப்டேட் வரும். ஆனால் மலைக்கு வராது!

ஆகவே அடுத்த முறை, "இன்னும் வரலியாடா?" என்று சலித்துக் கொள்கிற பையன், கீழே சமவெளியில் நிற்கும் கரும்பைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். வெட்டுகிற தேதியை ஆலை குறிக்கலாம், கடன்காரர் குறிக்கலாம். இனிப்பு ஏறுகிற தேதியைக் கரும்புதான் குறிக்கும்.