கப்பல் ஏறும் நாள்: புதூர்க் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் 7,670 ரூபாய். அடிப்படைக் கட்டணம் 6,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,170. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 294 ரூபாய். ஒரு டிக்கெட் 26 நாள் கூலி. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் முழுக் கட்டணம் என்று கொண்டால் 30,680 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி வாங்கினாலும் கையில் வருவது 29,400. துண்டு விழுவது 1,280 ரூபாய். விளாத்திகுளம் வட்டத்துப் புதூரில் மழையை நம்பி உளுந்தும் கம்பும் மிளகாயும் விதைக்கும் வீட்டில் இது சிறிய தொகை அல்ல. அக்கப்பல் கடந்த தூரம் சுமார் 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ. இரண்டு இரவு சொகுசுக் கப்பல் என்றால் கணக்கு இன்னும் பெரிது.

புதூருக்கு உரிய துறைமுகம், அதே மாவட்டத்திலேயே உள்ள தூத்துக்குடி. இதே கரிசல் வெளியில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். 25 ரூபாய்ப் பங்குகள் 40,000, மூலதனம் 10 லட்சம் ரூபாய். சங்கத்தின் 'காலியா' கப்பலில் முதல் வகுப்பில் 42, இரண்டாம் வகுப்பில் 24, சாதாரண வகுப்பில் 1,300 என மொத்தம் 1,366 பேர் போகலாம். போட்டியில் பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாக இறக்க, சுதேசிக் கப்பல் 8 அணாவாக, அதாவது அதில் பாதியாக இறக்கியது. 2011 ஜூன் 13இல் 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில், 152 கடல் மைல் (281 கி.மீ.) தூரத்துக்கு, மீண்டும் ஓடத் தொடங்கி அதே ஆண்டு நவம்பரில் நின்றது. ஆகவே இந்தக் கணக்கில் புதூர்க் குடும்பம் சொகுசுக் கப்பல் ஏறப் போகும் இடம் சென்னை.

சென்னையிலிருந்து 'கோர்டெலியா' நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சேவையை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1990இல் கட்டப்பட்ட கப்பல். மொத்தக் கொள்ளளவுக் குறியீடு 48,563, நீளம் 211 மீட்டர், 11 தளங்கள். பயணிகள் சுமார் 1,800 பேர், அதாவது காலியாவைப் போல 1.3 மடங்கு. 2023 ஜூன் 5இல் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று இலங்கைத் துறைமுகங்களுக்கும் புறப்பட்டது.

ஏறும் நாளின் மதிப்பை முதலில் பார்ப்போம். கணக்குக்காக ஆளுக்கு 20,000 ரூபாய் என்று வைத்தால் நால்வருக்கு 80,000. 2025-26இன் 336 ரூபாய் கூலியில் இது 238 நாள். வெள்ளி பகல் 1 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 8 மணிக்கு இறங்கினால் கப்பலில் இருப்பது 43 மணி நேரம். அதில் முதல் நாள் நள்ளிரவு வரையான பங்கு 11 மணி, 25.6 சதவீதம். ஒரு மணி நேரத்தின் விலை 1,860 ரூபாய். ஏழு இரவுப் பயணத்தில் முதல் நாள் தடுமாறினால் பெரிய இழப்பில்லை. இரண்டு இரவுப் பயணத்தில் காசில் கால்வாசி போய்விடும்.

கோவில்பட்டியிலிருந்து சென்னை எழும்பூர் ரயில் வழியில் சுமார் 590 கி.மீ.; இரவு ரயிலுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம். பயண நேரத்தில் 20 சதவீதம் தாமதம் என்றால் 2 மணி. காலையில் எழும்பூரில் இறங்கி அன்றே கப்பல் ஏறுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ரயில் 4 மணி நேரம் தாமதமாகும் ஒரு நாளில் 80,000 ரூபாயும் ஆபத்தில் நிற்கும். முந்தின நாளே சென்னை சேர்ந்து 2,000 ரூபாய்க்கு அறை எடுத்தால் அது பயணச் செலவில் 2.5 சதவீதம். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் இந்த 2.5 சதவீதத்தைச் செலவு செய்வதே சரி என்பது என் கருத்து.

கப்பல் தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்காது. அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கப்பல் புறப்படும் முன் அதில் உள்ள அனைவரையும் எண்ணியாக வேண்டும் என்கிறது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ். பெயர், பாலினம், வயதுப் பிரிவு ஆகியவையும் பதிவாக வேண்டும். அவசர காலத்தில் தனி உதவி தேவைப்படுவோரின் விவரமும் இந்தப் பட்டியலில் சேரும், அவர்கள் சொன்னால். முழங்கால் வலியோடு வரும் ஆச்சியும் காது மந்தமான தாத்தாவும் அதைக் கவுண்டரிலேயே சொல்லிவிட வேண்டும். கௌரவம் பார்த்து மறைக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். கப்பலில் அது ஆகாது.

சென்னைத் துறைமுகத்தின் பன்னாட்டுச் சொகுசுக் கப்பல் முனையம் 17.21 கோடி ரூபாயில் 2,880 சதுர மீட்டரில் அமைந்தது. 3,000 பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்தால் தலைக்கு 0.96 சதுர மீட்டர், சுமார் 10 சதுர அடி. 1,800 பேர் என்றால் 1.6 சதுர மீட்டர். ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்து அழைப்பது இதனால்தான். 1,800 பேரை நால்வர் குடும்பங்களாகப் பிரித்தால் 450 குடும்பம். உதாரணமாக 10 கவுண்டர், குடும்பத்துக்கு 3 நிமிடம் என்றால் வரிசை முடிய 135 நிமிடம். பத்தில் ஒரு குடும்பம் காகிதம் தேடி 10 நிமிடம் எடுத்துக்கொண்டால் அதே வரிசைக்கு 166.5 நிமிடம் ஆகும். 31.5 நிமிடம் கூடுகிறது. அதைச் சுமப்பது பின்னால் நிற்கும் எல்லாரும். நான்கு பேரின் டிக்கெட்டும் அடையாள அட்டையும், குழந்தையுடையது உட்பட, ஒரே உறையில் இருக்கட்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கைத் துறைமுகம் ஒன்று இருந்தாலும் நால்வருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். 6 மாதம் நிரம்பாத குழந்தையையும் 24 வாரம் கடந்த கர்ப்பிணியையும் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய எண்கள் இவை.

முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபின் வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். மாலை வரையும் ஆகலாம். அதனால் மருந்து, கண்ணாடி, குழந்தையின் பால்பொடி, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர் ஆகியவை தோள்பையில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற சூடாகும் சாதனங்களைத் தீ அபாயம் கருதி எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டுச் சமையலுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. புளியோதரையைக் கட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் முனையத்துக்குள் நுழையும் முன் சாப்பிட்டு முடிக்கும் அளவு போதும். கப்பலில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டிலேயே பணம் கட்டியாகிவிட்டது.

கப்பலில் ஏறியதும் கூட்டம் போவது சாப்பாட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும். முதல் 30 நிமிடத்தை உயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கச் சொல்வேன்.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பலில் இருந்தவர்கள் 4,229 பேர். பயணிகள் 3,206, ஊழியர் 1,023. அவர்களில் 696 பயணிகள், 21.7 சதவீதம், அன்று மாலைதான் சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் புறப்பட்டது 19:18 மணிக்கு, பாறையில் மோதியது 21:45க்கு. இடைவெளி 2 மணி 27 நிமிடம். அன்று ஏறியவர்களுக்கான அவசரப் பயிற்சி மறுநாள்தான் நடக்கவிருந்தது. புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது 22:54க்கு, மோதி 69 நிமிடம் கழித்து. இறந்தோர் 32 பேர். பயிற்சி இல்லாததுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. கப்பல் தலைவனின் தவறும் தாமதமும் அதில் பெரிய பங்கு. ஆனால் விதி மாறியது: 2015 ஜனவரி 1 முதல் பயிற்சி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடக்க வேண்டும். ஏறும் நாளில் ஒலிபெருக்கியில் அழைப்பது அதற்குத்தான். அவசர அழைப்பு என்பது ஏழு குட்டை ஒலி, பிறகு ஒரு நெட்டொலி: அந்த எட்டையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

படகுகளில் இடம் இருக்குமா என்ற பயம் தேவையில்லை. 1912இல் டைட்டானிக்கில் சுமார் 2,200 பேருக்கு 1,178 இடம், பாதிக்குச் சற்று மேல். இன்று பன்னாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பலில் உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் சேர்ந்து 125 சதவீதப் பேருக்கு இடம் தர வேண்டும். 1,800 பயணிகள், உதாரணமாக 600 ஊழியர்கள் என்றால் 3,000 இடம். ஒன்றுகூடி உயிர்காப்பு அங்கி (லைஃப் ஜாக்கெட்) அணிந்த பிறகு, கைவிடும் உத்தரவிலிருந்து 30 நிமிடத்துக்குள் அத்தனை படகும் ஆட்களோடு இறங்க முடிய வேண்டும்.

சிக்கல் லைஃப் ஜாக்கெட்டில்தான். அதற்கான தரநிலை சொல்வது: முன்பின் பழக்கமில்லாதவர்களில் 75 சதவீதம் பேராவது யாரும் சொல்லித் தராமல் 1 நிமிடத்தில் சரியாக அணிய முடிய வேண்டும், ஒருமுறை செய்து காட்டிய பிறகு 100 சதவீதம் பேரும். அதாவது செய்து காட்டாத நிலையில் நான்கில் ஒருவர் தடுமாறினாலும் அந்த அங்கி தேர்ச்சி பெற்றதுதான். நால்வர் குடும்பத்தில் அந்த ஒருவர் யார்? கேபின் அலமாரியில் இருக்கும் ஆரஞ்சு அங்கியை எடுத்துப் பார்த்தால் மார்புப் பக்கம் ஒரு விசில் கயிற்றில் தொங்கும், தோளருகே சிறு விளக்கு இருக்கும், அங்கியின் மேல் எடை அளவு அச்சிட்டிருக்கும். 43 கிலோவும் அதற்கு மேலும் பெரியவர் அங்கி. 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அங்கி. 15 கிலோவுக்குக் கீழ் கைக்குழந்தை அங்கி. 9 வயதுப் பிள்ளை 26 கிலோ, 3 வயதுக் குழந்தை 13 கிலோ என்றால் ஒரே வீட்டுக்கு மூன்று வகையும் வேண்டும். வயதைப் பார்த்து எடுக்கக் கூடாது. குழந்தையின் எடை அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும். ஊரிலேயே குறித்துக்கொண்டு வரலாம். சிறுவர் அங்கி பயணிகள் எண்ணிக்கையில் 10 சதவீதமாவது கப்பலில் இருக்க வேண்டும், 1,800க்கு 180. பிள்ளைகள் அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்று. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று கட்டாயம். ஆனால் கேபினில் பெரும்பாலும் பெரியவர் அங்கிகளே இருக்கும். சிறியவை வேண்டும் என்று கேபின் ஊழியரிடம் ஏறிய உடனே கேட்க வேண்டும். கேட்பது உரிமை.

கேபின் கதவின் உட்புறம் ஒட்டிய படத்தில் ஒன்றுகூடும் இடத்தின் குறி இருக்கும். 211 மீட்டர் கப்பலை முழு நீளம் நடக்க, விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், சுமார் 3 நிமிடம். குழந்தையைப் பிடித்துக்கொண்டு, நான்கு தளம் படியேறி, வேகம் பாதியானால் 7, 8 நிமிடம் ஆகும். அவசரத்தில் லிஃப்ட் கிடையாது. பகல் வெளிச்சத்தில் ஒருமுறை அந்த வழியே நடந்து, கேபினிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் இருட்டிலும் புகையிலும் அந்த எண் உதவும். இந்த நடை 10 நிமிட வேலை. மேலே சொன்ன விலையில் 310 ரூபாய்.

வயிற்றுக்கு இரண்டு எண்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி பேதியாக வெளிப்படும். முதல் நாள் பஃபேயில் தொற்றினால் 43 மணி நேரப் பயணத்தில் எஞ்சியது அதிலேயே போகலாம். கைக்குத் தெளிக்கும் திரவம் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும் 20 விநாடியும் வேண்டும். கடல் தலைசுற்றலுக்கு அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் அசையத் தொடங்கிய பின் போடுவதைவிட முன்னதாகப் போடுவது நல்லது. 2 வயதுக்குக் கீழ் அந்த மருந்து கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவுதான். கேபின் தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். ஆட்டம் அங்கே குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு.

கரையிலிருந்து 12 கடல் மைல், 22 கி.மீ., நாட்டின் கடல் எல்லை. அந்தத் தூரத்தை எட்டும் முன்பே செல்போன் சிக்னல் போகத் தொடங்கும்; அதன்பின் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு போனைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் உள்ளூர் விலையில் இருக்காது. ஊரில் இருப்பவர்களுக்கு ஏறியாயிற்று என்று சொல்லிவிட்டு போன்களை ஃபிளைட் மோடில் வைத்துவிடலாம். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாத இடங்களே அதிகம். கேபின் அட்டையில் ஏறும் கணக்குதான். பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்க முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு, முதல் இரவே கணக்குச் சீட்டு ஒன்று வாங்கிப் பார்க்க வேண்டும். தவறாக ஏறிய 500 ரூபாயை அன்றே சொன்னால் திருத்துவார்கள். கடைசிக் காலையில் அதே மேசைக்கு முன் 450 குடும்பமும் நிற்கும்.