மாலை மட்டும் போதாது, மனிதரைப் பதிவு செய்யுங்கள்

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு, மதிப்புக்குரிய மனிதர்களுக்கு வீடியோ வழி அஞ்சலி செலுத்துவது பற்றியது.

முன்பெல்லாம் ஒருவரைப் போற்ற வேண்டுமென்றால் பொன்னாடை போர்த்துவோம், மாலை அணிவிப்போம், ஆண்டு மலரில் ஒரு பக்கம் ஒதுக்குவோம். இப்போது பள்ளி ஆண்டு விழாவானாலும் சரி, ஆலயத் திருவிழாவானாலும் சரி, இயக்கத்தின் பொதுக்கூட்டமானாலும் சரி, மேடையில் ஒரு வெண்திரையை இறக்கி மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ ஒரு படம் காட்டுகிறோம். தலைவர், விளையாட்டு வீரர், பாடகர், சமூக சேவையாளர் என்று யாராவது ஒருவர் அதில் போற்றப்படுவார். மறுநாள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும்.

நல்ல பழக்கம்தான். ஆனால் இப்படிப்பட்ட படங்கள் பத்தை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியவரும். பின்னணியில் ஒரு சோக இசை. மெதுவாக நகரும் நான்கைந்து புகைப்படங்கள். “தன்னலமற்றவர், பண்பாளர், இமயமாய் உயர்ந்தவர்” என்று ஒரு குரல். அந்தப் புகைப்படங்களை எடுத்துவிட்டு வேறொருவரின் படங்களை வைத்தாலும் அதே வசனம் பொருந்தும். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற புகழ்ச்சி உண்மையில் யாருக்கும் உரியதல்ல.

மரத்துக்குப் பலகை உண்டு

நமது பேராக் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ஆம் ஆண்டு ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் காலத்தில் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியது அது ஒன்றுதான். அதற்கு வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். பாதுகாக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த மரத்தின் வழிவந்த தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எங்கே பலகை இருக்கிறது? இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவிலும் மற்ற நகரங்களிலும் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனார்கள். தோட்டம் போனபோது, அந்தத் தோட்டத்தில் யார் நல்லவர், யார் ஊருக்கு உழைத்தவர் என்ற நினைவும் அதோடு சிதறிப்போனது.

இந்த நிலையில் நாம் எடுக்கும் சிறு வீடியோ மாலை போடும் வேலையை மட்டும் செய்தால் போதாது. அது சாட்சியாகவும் நிற்க வேண்டும்.

சிபில் கார்த்திகேசுவை நாம் அறிந்தது எப்படி?

சாட்சி என்றால் என்ன என்பதற்கு ஈப்போவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாதியாகப் பயிற்சி பெற்ற சிபில் கார்த்திகேசு, இலங்கைத் தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தவர். இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் மருத்துவம் பார்த்தார்கள். ஜப்பானியர் காலத்தில் அருகிலுள்ள பாப்பான் என்ற ஈயச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே மறைத்து வைத்த வானொலியில் பி.பி.சி. செய்தி கேட்டார்கள். காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார்கள். 1943-இல் சிபில் கைது செய்யப்பட்டார். கொடுமையாக வதைக்கப்பட்டார். அவருடைய சின்ன மகள் டானை நெருப்புக்கு மேலே தொங்கவிட்டு மிரட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

போர் முடிந்தபின் சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12-இல் காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டது.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது? இறப்பதற்கு முன் அவர் தமது அனுபவங்களைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டார். அது ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாக 1954-இல் வெளிவந்தது. அந்த நூல் இருந்ததால்தான் 2010-இல் ஆஸ்ட்ரோவில் அவரைப் பற்றிய தொடர் வந்தது. 2016-இல் கூகள் தனது முகப்பில் அவர் உருவத்தை வைத்தது. ஈப்போவில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. இந்தப் புகழுக்கெல்லாம் வேர், நேரில் பட்டவர் நேரில் சொன்ன வார்த்தைதான்.

பெயரில்லாத கல்லறைகள்

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். அதே ஜப்பானியர் காலத்தில் சயாம் – பர்மா மரண இரயில் பாதை போடப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால், ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகக் காணலாம். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும்.

அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பன்மடங்கு. 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட நம் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு அப்படி வரிசையான கல்லறைகள் இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. பிற்காலத்தில் நம்மவர்கள் சிலர் உயிர் தப்பி வந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து ஆவணப்படம் எடுத்தார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அதற்குள் பெரும்பாலான சாட்சிகள் போய்விட்டார்கள்.

நேயர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1942-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். 1960-இல் இருபது வயதில் மரம் வெட்டப் போனவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

புகழ்மொழியா, செய்தியா?

விளையாட்டுக்கு வருவோம். தாப்பாவைச் சேர்ந்த ஓட்டக்காரர் எம். ராஜாமணிக்கு ஒரு படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். “தடகள வானின் தாரகை” என்று எழுதலாம். அல்லது, “1966, பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. 400 மீட்டர் ஓட்டம். தங்கப் பதக்கம். அதே ஆண்டு, நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது, அவ்விருதைப் பெற்ற முதல் பெண்” என்று எழுதலாம். எது ஒரு பள்ளி மாணவியை நிமிர்ந்து உட்கார வைக்கும்?

அதே பாங்காக் போட்டியில் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை முறியடிக்க 49 ஆண்டுகள் ஆயின; 2017-இல்தான் அது உடைந்தது. இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே போதும், அடைமொழிகள் தேவையில்லை.

தலைவர்களுக்கும் இதே விதிதான். ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வழக்கறிஞர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர், 1969 மார்ச்சில் மறைந்தவர் என்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் மட்டும் நிலைத்தால் மனிதர் மறைந்துபோவார் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வகித்த பதவிகளை அடுக்குவது எளிது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர்கள் வேலையும் இழந்து வீடும் இழந்து நின்றார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்தப் பத்து வெள்ளியைக் கட்டிய ஒரு தொழிலாளி நம் படத்தில் பேச வேண்டும். அதற்காக வீட்டில் எந்தச் செலவைக் குறைத்தார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அப்போது தலைவரும் தெரிவார், தொண்டரும் தெரிவார்.

இசையிலும் இதே நிலைதான். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘எல்லி கேட்ஸ்’ குழுவை இன்றும் கேட்கிறோம். லோகநாதன் 2007-இல் மறைந்தாலும் குரல் இருக்கிறது, ஏனென்றால் அது இசைத்தட்டில் ஏறியது. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய உருமி அடித்தவர், தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய பாட்டி ஆகியோரின் குரலை யார் ஏற்றி வைத்தார்கள்?

எடுப்பது எப்படி?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையிலுள்ள தொலைபேசி போதும். சில முறைகளை மட்டும் கடைப்பிடியுங்கள்.

முதலில், பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவரை உட்கார வையுங்கள். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம், குரல் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். “ரொம்ப நல்லவர்” என்ற பதில்தான் வரும். “அவர் உங்களுக்கு என்ன செய்தார்? அன்றைக்கு யார் யார் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா, சுதந்திரத்துக்குப் பிறகா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டால் காலம் தானே பிடிபடும்.

மூன்றாவது, சொன்னதைச் சரிபாருங்கள். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, பள்ளிப் புகைப்படத்தின் பின்புறம் என்று எழுத்தில் உள்ளதைத் தேடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். இல்லாத பட்டத்தையும் செய்யாத சாதனையையும் ஒட்டாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

நான்காவது, மூன்று நிமிடப் படத்தில் ஒரு வாழ்க்கை முழுவதையும் திணிக்க முடியாது. ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். யூடியூபில் ஏற்றும்போது பதிப்புரிமைச் சிக்கல் வந்து ஒலியே நின்றுபோகலாம். ஊர் நாதஸ்வரம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளின் குரல் இருக்கிறது.

ஐந்தாவது, இதுதான் பலர் மறப்பது. மூன்று நிமிடப் படத்துக்காக ஒரு மணி நேரம் பேச வைத்திருப்பீர்கள். வெட்டியது போக மீதியை அழித்துவிடாதீர்கள். பெயர், ஊர், தேதி எழுதி மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியிலோ ஆலயத்திலோ, ஒன்று வெளியூர் உறவினரிடம். அலமாரியில் பழைய வீடியோ நாடா இருந்தால் பூஞ்சணம் பிடிக்குமுன் மாற்றி எடுங்கள்.

யாருக்கு எடுப்பது?

“எங்கள் தோட்டத்தில் அப்படிப் பெரிய ஆள் யாரும் இல்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். தாய்மார்கள் மரம் வெட்டப் போனபோது ஆயாக் கொட்டகையில் இருபது முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா இல்லையா? நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்த டிரெசர் இல்லையா? படிக்காத பிள்ளைகளைச் சேர்த்து இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் இல்லையா? மேலே சொன்ன தலைவர்களையும் வீரர்களையும் பற்றித் தேடினால் நூலகத்தில் ஏதாவது கிடைக்கும். இவர்களைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

அடுத்த பள்ளி ஆண்டு விழாவுக்கோ திருவிழாவுக்கோ அஞ்சலிப் படம் எடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், புகழ்பெற்ற ஒருவருக்கும் உங்கள் தோட்டத்து மனிதர் ஒருவருக்கும் என்று இரண்டாக எடுங்கள். அந்தத் தோட்டத்து மனிதரை அறிந்த பெரியவர் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் கேளுங்கள். அவர் எந்த ஊரில் இருக்கிறார், எப்போது போனால் பேச முடியும் என்று விசாரித்து வையுங்கள். படத்தைப் பிறகு தொகுக்கலாம், குரலை முதலில் வாங்கிவிடுங்கள்.