சுழல் வால்வு ட்யூபா: பளபளப்பு முக்கியமல்ல

1806-ல் கன்டோன்மென்டாக உருவான சிகந்தராபாத்துக்குப் பித்தளை பாண்டு பட்டாளத்தோடு வந்தது. பிரிட்டிஷ் பட்டாள பாண்டுகளில் பெரும்பாலும் பிஸ்டன் வால்வு வாத்தியங்களே. கல்யாண ஊர்வல பாண்டுகளும் அவ்வழியே சென்றன. எனவே ஐதராபாத்தில் சுழல் வால்வு ட்யூபா அபூர்வம். விலைக்கு வந்தால் அடையாளம் தெரிய வேண்டாமா?

ட்யூபா 1835-ல் பெர்லினில் பிறந்தது. அதே ஆண்டு வியன்னாவில் ஜோசப் ரீடல் சுழல் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். சுழல் வால்வு கால் சுற்றுத் திரும்பும்.

வயதைச் சொல்வது முத்திரை. போஹிமியாவின் கிராஸ்லிட்ஸ் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர். 1945-க்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர்; பட்டறைகள் அரசுடைமையாகி 'அமாட்டி' நிறுவனமாயின. 'கிராஸ்லிட்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'அமாட்டி' என்றால் பிந்தியது.

அடுத்து வால்வைச் சோதியுங்கள். அதை அழுத்தாமல், அதன் குழாயை ஓர் அங்குலம் இழுத்து, பிறகு அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் கசிவில்லை. நசுங்கலைத் தட்டி நிமிர்த்தலாம். தேய்ந்த வால்வைச் சீராக்குவது கடினம், செலவும் அதிகம்.

வாங்கியதும் மெருகேற்ற அவசரம் வேண்டாம். எழுத்து அழிந்தால் வாத்தியத்தின் ஜாதகமே போயிற்று!