பத்துக் குதிரையைக் காணோம்!

பானெட் திறந்தாயிற்று. கீழே இருந்த கறுப்புத் தட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. எனக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்துவிட்டது! கோட்டக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஒரு சந்து உள்ளே தள்ளி இருக்கிற தகரக் கொட்டகை இது. போர்டு கிடையாது. ஆனால் வாசலில் நிற்கிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் புதுச்சேரி, சென்னை, விழுப்புரம் என்று எல்லா ஊரும் இருக்கிறது. ‘பேரு போடக் கூடாது, வண்டி நம்பர் போடக் கூடாது’ என்பது மட்டும்தான் இங்கே வண்டி டியூன் செய்கிறவர் எனக்குப் போட்ட நிபந்தனை. ஆகவே இனி அவர் ‘பாய்’. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது.

நோயாளி, ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ ஹேட்ச்பேக். கம்பெனி கொடுத்தது 110 குதிரைத்திறன். அது போதாதென்று என்ஜின் கணினியின் நிரலை மாற்றி (ரீமேப்), கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டி, டர்போவுக்குப் போகும் பைப்பையும் மாற்றியிருக்கிறார் வண்டிக்காரரான முத்தியால்பேட்டைத் தம்பி.

“மொத வாரம் பிச்சிக்கிட்டுப் போச்சு பாய். இப்போ டல்லடிக்குது. அதுலயும் மத்தியானம் எடுத்தா சுத்தமா இழுக்க மாட்டேங்குது. ஒரு பத்து குதிரையாவது போயிருக்கும்.”

“காலையில?”

“காலையில பரவால்ல.”

பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பாதி வேலை முடிந்துவிட்டதாம்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால் லேப்டாப்பை எடுக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் சொருகி, லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டார். “சார், நீங்க பின்னாடி உக்காந்து இதைப் புடிச்சுக்கங்க. கோடு ஓடும். கையை மட்டும் வெச்சிடாதீங்க.”

நல்ல உச்சி வெயில். கோளாறு எப்போது வருகிறதோ அப்போதுதான் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டி, காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, அதையும் விட்டு மரக்காணம் பக்கம் ஆளில்லாத நேர்ச்சாலை. இரண்டாம் கியர். என்ஜின் 2000 சுழற்சியில் இருக்கும்போது மிதியை முழுக்க அழுத்துகிறார். இரண்டாம் கியர் என்பதால் வேகம் எல்லை மீறுவதற்குள் சோதனை முடிந்துவிடும். மூன்றாம் கியரில் இதைப் பொதுச்சாலையில் செய்கிறவர்களை பாய் திட்டுகிற திட்டை இங்கே அச்சிட முடியாது.

என் மடியில் கோடுகள் ஓடின! டர்போவிடம் என்ஜினின் கணினி கேட்ட காற்றழுத்தம் ஒரு கோடு. உண்மையில் கிடைத்த அழுத்தம் இன்னொன்று. தீப்பொறி எப்போது விழுகிறது என்பது மூன்றாவது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் நான்காவது. முதல் இரண்டும் ஒட்டியே ஏறி, 3500 சுழற்சியைத் தாண்டியதும் பிரிந்தன. கேட்டது ஒன்று, கிடைத்தது குறைவு. “எங்கியோ ஓட்டை” என்றார் பாய், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இனிமேல்தான் கூத்து. கொட்டகைக்குத் திரும்பியதும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கும் பெட்டி! என்ஜின் நிற்கும்போது காற்று போகிற பாதையை ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் லேசான அழுத்தத்தில் புகையை விடுகிறார். விளக்கை அணைத்து டார்ச் அடிக்கிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறோம். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்கு அடியில் மெல்லிய வெள்ளை நூல் ஒன்று எழுந்து ஆடியது. “வந்துட்டான்!” என்று முதலில் கத்தியது நான்தான் என்று நினைக்கிறேன்.

ஹோஸ் கிளாம்ப். துருப்பிடித்துப் பிடி விட்டிருந்தது. இந்தக் கரையில் இது ஆச்சரியமில்லை. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், சாலையில் உப்பு ஏற்றிய லாரிகள். மலிவான கிளாம்ப் இங்கே சீக்கிரம் சாகிறது. பேட்டரியிலிருந்து என்ஜினுக்குப் போகிற எர்த் ஒயரின் முனையில் பச்சை பூத்துவிடும். பாய் அதையும் சோதித்தார். பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து ஸ்டார்ட் அடிக்கும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அங்கே தகராறு என்று அர்த்தம். இந்த வண்டி தாண்டவில்லை.

நான் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். பாய் உட்காரச் சொன்னார். “கிளாம்ப் காலையிலயும்தான லீக் ஆகும்? மத்தியானக் கோளாறு வேற சார்.”

அட! கொஞ்சம் தலை சுற்றியது. மறுபடி வெயில், மறுபடி இரண்டாம் கியர். இப்போது அழுத்தக் கோடுகள் இரண்டும் ஒன்றாகவே ஏறின. ஆனால் தீப்பொறிக் கோடு பாதியில் தொங்கியது. கணினியே தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. அதாவது வேண்டுமென்றே சக்தியைக் குறைக்கிறது. எனக்கு அன்று கிடைத்த பெரிய ரகசியம் இதுதான். டியூன் செய்த டர்போ வண்டியில் காணாமல் போகும் சக்தியில் ஒரு பங்கு திருட்டே இல்லை, என்ஜின் பயந்துபோய்த் தானே ஒளித்து வைத்துக்கொள்வது. சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’ சத்தத்தை, பிளாக்கில் திருகியிருக்கும் சென்சார் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கிறது. சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வரும் அந்தச் சத்தம் கேட்ட நொடியே கணினி பின்வாங்கும். பிஸ்டன் பிழைக்கும், இழுவை போகும். ஆகவே எது உடைந்தது என்று பாய் தேடுவதில்லை, என்ஜின் எதற்குப் பயந்தது என்றுதான் தேடுகிறார்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இதையே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளி இருந்தால் நாக்கிங். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் ஓட்டிய காலத்திலிருந்து, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச்சாலை வந்த பிறகும் தொடர்ந்த வித்தை அது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதிப் பந்தய கார்களைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்றால் தொலைந்த அரைக் குதிரையைத் தேடிப் பிடிப்பவன்தான் ஜெயிப்பான். தமிழ்நாட்டு டியூனர்களின் மூக்கு கூர்மையானது அப்படித்தான் என்பது என் கட்சி.

சரி, நம்ம வண்டி எதற்குப் பயந்தது? பெட்ரோல்தான் பாயின் முதல் சந்தேகம். விலை குறைவு என்பதால் இங்கே எல்லோரும் எல்லை தாண்டிப் புதுச்சேரியில்தான் போடுகிறார்கள். ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். அதன் தொல்லை வேறு. ஒரு பங்கு சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழைய ரீமேப் என்றால் பம்ப் திணறும். இதில் அது சரியாகவே இருந்தது.

மிச்சம் இருந்தது நான்காவது கோடு. உள்ளே போகிற காற்று கொதித்துக்கொண்டிருந்தது! காரணம், பளபளவென்று சிவப்பாக உட்கார்ந்திருந்த அந்தக் கூம்பு ஃபில்டர். கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். இது மூடியில்லாமல் ரேடியேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுப்புக் காற்றைக் குடிக்கிறது. காற்று 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. போதாக்குறைக்கு 35 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் காற்றில் 4 சதவீதத்துக்கு மேல் நீராவியே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டர்போ கொஞ்சம் ஈடுகட்டும். நாக்கிங்கை அது ஈடுகட்டாது.

தம்பி ஸ்கூட்டரில் பறந்துபோய் வீட்டுப் பரணிலிருந்து பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். மாட்டினார்கள், ஓட்டினார்கள். தீப்பொறிக் கோடு நிமிர்ந்தது. வண்டி இழுத்த இழுப்பில் லேப்டாப் என் வயிற்றில் இடித்தது!

தம்பி முகத்தில் மட்டும் வாட்டம். “டர்போ சவுண்டே கேக்கலியே பாய்...”

“உனக்கு சவுண்டு வேணுமா, இழுவை வேணுமா?”

ரோலர் மேல் ஏற்றி அளக்கும் டைனோவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 95 என்று காட்டினால் அலற வேண்டாம். கம்பெனி சொல்லும் 110 கிராங்க் தண்டில் அளந்தது, ரோலர் அளப்பது சக்கரத்தில். நடுவே கியர்பாக்ஸும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் கணக்குப்படி திருத்திய எண் 25 டிகிரி வெப்பத்துக்கானது. கோட்டக்குப்பத்து மே மாத மதியம் அதில் சேர்த்தியில்லை.

கிளம்பும்போது பாய் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த பார்ட்ஸை வாங்குவதற்கு முன், வண்டி நன்றாக ஓடுகிற இன்றைக்கே இந்தக் கோடுகளை ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பெட்டியை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.