பழைய காருக்குப் பின்வண்டி: கொக்கி பூட்டுமுன் அறிய வேண்டியவை

மாட்டு வண்டியின் உறுப்புகளுக்கு நுகத்தடி, பூட்டாங்கயிறு, இருசு, கடையாணி என்று தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பெயர் தனியாக இருப்பதற்குக் காரணம், அதன் வேலையும் ஆபத்தும் தனி என்பதுதான். மோட்டார் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைச் சேர்க்கும் இடத்தை மட்டும் நாம் ஒரே சொல்லில் 'கொக்கி' என்று முடித்துவிட்டோம். அதனால்தானோ என்னவோ, கொக்கி கெட்டியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். அது சரியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் மக்கள் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்தும், இங்கேயே சிறுதொழில் செய்தும் பிழைத்து வருகிறோம். சமையல் பாத்திரம், பந்தல் சாமான், ஜெனரேட்டர் என்று ஏற்றிப் போக லாரி வாடகை கட்டாது. வீட்டில் பழைய அம்பாசிடரோ ஜீப்போ நிற்கிறது. அதற்கு ஒரு டிரெய்லர் மாட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பட்டறைக்காரரும், "ஒண்ணும் ஆகாது அண்ணே, ரெண்டு மணி நேரத்துல வெல்டு வெச்சுக் குடுத்துடறேன்" என்பார். பட்டறைகளில் நின்று பார்த்தும், புத்தகங்களைப் புரட்டியும் அறிந்ததை நம் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

முதற்கேள்வி: எவ்வளவு பாரம்?

எந்தக் கொக்கி என்பது கடைசிக் கேள்வி. 'என் வண்டி எவ்வளவு பாரத்தை நிறுத்தும்?' என்பதே முதல் கேள்வி. இழுக்கும் என்று நான் சொல்லவில்லை, நிறுத்தும் என்றுதான் சொல்கிறேன். முதல் கியரில் எந்த வண்டியும் கொஞ்சம் இழுத்துவிடும். சிறிய டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. அதன் பாரத்தையும் காரின் பிரேக்தான் தாங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் (குறள் 475) எச்சரித்தார். எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் கொல்லாமை விரதத்தில் செய்யும் ஐந்து பிழைகளைக் கூறுமிடத்தில், கட்டுதல், அடித்தல், அறுத்தல், உணவு மறுத்தல் ஆகியவற்றோடு அதிபாரம் ஏற்றுதலையும் சேர்த்திருக்கிறது. அது மாட்டுக்குச் சொன்னது, இயந்திரத்துக்கு வலிக்குமா என்று கேட்கலாம். வலிக்காதுதான். ஆனால் கழன்று ஓடும் டிரெய்லருக்கு எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை நடந்து வருகிறதே!

கணக்குக்கு ஒரு சான்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, ஜீப்புக்கென்றே ஒரு கால் டன் டிரெய்லரைச் செய்வித்தது. 1940இல் முதல் ஜீப்பை உருவாக்கிய பான்டம் கம்பெனிக்குப் பெரிய ஜீப் ஒப்பந்தம் கிடைக்கவில்லை; அவர்கள் இந்த டிரெய்லரைத்தான் செய்து கொடுத்தார்கள். ஜீப்பின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. டிரெய்லரில் ஏற்ற அனுமதித்த சரக்கு 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. வெறும் டிரெய்லரையும் சேர்த்தால் சுமார் 475 கிலோ. புது வண்டிக்கு, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு, ராணுவம் வைத்த அளவு இது. ஐரோப்பிய விதியும் இதை ஒட்டியதே: பிரேக் இல்லாத டிரெய்லர் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது, எப்படியும் 750 கிலோவை மீறக் கூடாது. ஆகவே நம் பழைய அம்பாசிடருக்கு டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வதே விவேகம். கண்மதிப்பு வேண்டாம், எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள்.

எதில் பூட்டுவது?

ஜீப்புக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. அதன் பின்புறக் குறுக்குச் சட்டத்தில் கொக்கியைப் போல்ட் போட்டுப் பொருத்தலாம். அம்பாசிடர் அப்படியல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி வந்து, 2014 வரை தயாரான அந்த வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை, பாடியே எலும்புக்கூடு. எனவே பம்பரில் கொக்கி மாட்டவே கூடாது. பம்பர் முட்டுவதற்கு, இழுப்பதற்கு அன்று.

பின்பக்க அடித்தளத்தில் பெட்டி போல மடித்த கனமான பகுதிகள் இருக்கும். இடப்புறமும் வலப்புறமும் அவற்றோடு சேர்த்துப் போல்ட் போட வேண்டும். முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ துரு உதிர்ந்தாலோ அந்த வண்டிக்கு டிரெய்லர் ஆசையை விட்டுவிடுங்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். மறுபக்கம் வெறும் வாஷர் போதாது, அகலமான கனத்த தகடு வேண்டும். பெட்டிப் பகுதி நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்த் துண்டு செருக வேண்டும். பெட்ரோல் டாங்க் பின்புறத்திலேயே இருப்பதால், அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் துளையிடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள்.

எந்தக் கொக்கி?

மூன்று வகை உண்டு. டிராக்டருக்குப் போடும் பின் வகையில் ஆட்டம் அதிகம். காரில் ஒவ்வொரு பிரேக்குக்கும் மடேர் மடேரென்று இடிக்கும், மெல்லிய பாடியைக் கிழித்துவிடும். ஜீப்புக்குரியது வாய் மூடும் ராணுவக் கொக்கி. வளையம் மாட்டிப் பூட்டு ஊசி செருகுவது. கரடுமுரடான பாதைக்கு ஏற்றது. காருக்கு உகந்தது குண்டு வகை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குண்டு 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம், ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம் என்று பல அளவில் வரும். இரண்டு அங்குலக் கிண்ணத்தில் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலக் குண்டு நுழைந்துவிடும். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் எகிறிக் கழன்றுவிடும். இரண்டிலும் பொறித்த அளவைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

சேம அச்சு

உப்பு விற்ற உமணர்கள், மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிச் சென்றார்கள். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். நம் சேம அச்சு இரண்டு சங்கிலிகள். அவற்றைக் குண்டில் மாட்டாமல், கொக்கிச் சட்டத்தில் தனி வளையங்களில், ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி மேலே விழும். திருப்பத்துக்குப் போதிய நீளம் வேண்டும், தரையில் உரசக் கூடாது.

சரக்கு ஏற்றும்போது கனமானதை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்தம் 400 கிலோ என்றால் மூக்கில் 40 கிலோ அளவுக்கு அமுங்க வேண்டும். கடையின் பிளாட்பாரத் தராசில் மூக்கை வைத்தே பார்க்கலாம். பின்பாரம் கூடினால் டிரெய்லர் பாம்பாக நெளியும். முன்பாரம் மிகுந்தால் காரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் டிரெய்லரிலும் எரிய வேண்டும். கூடுதல் பல்பால் பழைய பிளாஷர் தாறுமாறாகச் சிமிட்டும். அதற்கேற்ற பிளாஷரை மாற்றிவிடுங்கள்.

சட்டமும் சாலையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். காரில் செய்யும் மாற்றத்துக்கு 52ஆம் பிரிவு வரம்பு விதிக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த கார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வர வேண்டியதாயிற்றே! ஆகவே பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வி.கோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கினால் ஒரே பயணத்தில் மூன்று மாநிலங்களைத் தொடுகிறோம். எந்த எல்லையில் நிறுத்தினாலும் காட்டக் காகிதம் வேண்டும். அந்த மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

நம் முன்னோர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கத்தில் வேலை செய்தார்கள். அவர்களை இறக்கிய கூண்டின் கம்பி வடத்தையும் அதன் இணைப்புகளையும் தினந்தோறும் சோதித்துப் பார்ப்பது சுரங்க விதியாக இருந்தது. நேற்று நன்றாக இருந்தது என்பதை அங்கே யாரும் காரணமாகச் சொன்னதில்லை. டிரெய்லர் மாட்டும் ஒவ்வொரு முறையும் குண்டு, ஊசி, சங்கிலி, விளக்கு, டயர் ஐந்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. வண்டியின் வலியை அறிந்து பாரம் ஏற்றுவதும் அறமே.