காப்புக்கோப்பு கையில், சாவி யாரிடம்?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் சேலைக்கடையோ பல் கிளினிக்கோ கணக்காளர் அலுவலகமோ, எதை நடத்துபவரிடமும் கேட்டுப் பாருங்கள். “பேக்கப்பா? பென்டிரைவில் போட்டாச்சு” என்பார். அந்தப் பென்டிரைவை இன்னொரு கணினியில் செருகித் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும்.

பென்டிரைவில் இருப்பது பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பு. எதில் படிக்கலாம் என்பது நீங்கள் வாங்கிய மென்பொருளைப் பொறுத்தது. நம் கடைகளில் புழங்கும் ஆட்டோகவுன்ட், மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரில் ஓடுகிறது. பெயரிலேயே எஸ்கியூஎல்லை வைத்திருக்கும் எஸ்கியூஎல் அக்கவுன்ட் ஓடுவதோ ஃபயர்பேர்ட் என்ற திறமூலத் தரவுத்தளத்தில். பழைய யூபிஎஸ் கணக்குகள் டிபிஎஃப் கோப்புகளில் கிடக்கின்றன. எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்குத்தான் தலைவலி அதிகம். 2014 பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூலையில் முடிந்தது. 2016 பதிப்புக்கு 2026 ஜூலை 14 கெடு. உரிமக் கட்டணம் வேண்டாமென்று போஸ்ட்கிரெஸ், மரியாடிபி போன்ற திறமூலத் தரவுத்தளங்கள் பக்கம் பலர் திரும்புவதில் வியப்பில்லை. மலேசிய அரசே 2004இல் பொதுத்துறைக்கென ஒரு திறமூலப் பெருந்திட்டம் போட்டது.

ஆனால் எஸ்கியூஎல் சர்வரின் காப்புக்கோப்பை போஸ்ட்கிரெஸ் நேரடியாகப் படிக்காது. பிஜிலோடர் போன்ற இலவசக் கருவிகளும் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தோடுதான் பேசும், காப்புக்கோப்போடு பேசாது. ஆகவே முதலில் எஸ்கியூஎல் சர்வரிலேயே கோப்பை மீட்டெடுக்க வேண்டும், பிறகுதான் அங்கிருந்து இடம் மாற்ற முடியும். பழைய பதிப்பின் கோப்பைப் புதியதில் மீட்கலாம். புதியதன் கோப்பு பழையதில் ஏறாது. இதற்காகப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம்; தரவுத்தளம் 10 ஜிபிக்குள் இருந்தால் போதும், 2025 பதிப்பில் 50 ஜிபி வரை தாங்கும். கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அதற்குரிய சான்றிதழும் சாவியும் இல்லாமல் மைக்ரோசாப்டாலும் திறக்க முடியாது. மென்பொருள் விற்றவரோடு உறவு நல்லபடியாக இருக்கும்போதே அந்த இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டாயிற்று, மாற்றியாயிற்று என்று மூச்சு விடும்போதுதான் கமுக்கமான சேதம் நடந்திருக்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி எண் பூஜ்யத்தில் தொடங்கும். அதை எண் வகை நெடுவரிசையில் போட்டால் 12 இலக்கம் 11 ஆகவோ அதற்கும் கீழோ குறைந்துவிடும். இடையில் யாராவது சிஎஸ்வி கோப்பை எக்ஸெல்லில் திறந்து சேமித்துவிட்டால் 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணும் தலையிழக்கும். ஐசி எண்கள் 9.00815E+11 என்ற உருவத்தில் வந்து நிற்கும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். தமிழ்ப் பெயர்களுக்கு இதைவிட மோசம். யூனிகோட் அல்லாத பழைய நெடுவரிசையில் தமிழைத் தட்டியிருந்தால், சேமித்த அன்றே அது ???? ஆகியிருக்கும், எந்தத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனாலும் திரும்பாது. திஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை இரு பக்கமும் சரியாக வந்தால் மட்டும் போதாது. ஒரு மாதத்து விற்பனைத் தொகையையும், ஒரு ஐம்பது பெயர்களையும் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மின்னணு வடிவில் வைத்திருந்தால் அவை படிக்கத்தக்கதாகவும், எழுத்தாக மாற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும். வரி அதிகாரி கேட்கும் நாளில் ‘உரிமம் முடிந்துவிட்டது, திறக்கவில்லை’ என்பது உங்கள் பிரச்சினை, விற்றவருடையதல்ல. ‘என் தரவை எடுத்துப்போகும் வகையில் கொடு’ என்று விற்றவரிடம் கேட்கச் சட்டத்தில் வழியுண்டா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2025 ஜூன் 1 முதல் தரவை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. ஆனால் அது உங்கள் வாடிக்கையாளருக்கு, உங்களிடம் கேட்பதற்கான உரிமை. கடைக்காரருக்கு அவருடைய ஒப்பந்தம்தான் துணை. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் முதல் மேகக்கணிச் சேவையை மாற்றிக்கொள்ளும் உரிமையை வணிகர்களுக்கும் சட்டமே தருகிறது. இங்கும் அது வர வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, கையெழுத்திடுமுன் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சேவை முடியும்போது முழுத் தரவையும் திறந்த வடிவில், இத்தனை நாளுக்குள் தர வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்சாப் குரல்பதிவு போதாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைத்தான். கடை மென்பொருளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 1,00,000 ரிங்கிட் வரை. கடவுச்சொல்லை உடைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

தரவை மாற்றும் வேலைக்கு வரும் பையன் காப்புக்கோப்பைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போவதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். அது தொலைந்து, வாடிக்கையாளருக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், பையன் அல்ல. சொல்லத் தவறினால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ. மாற்றும் வேலை உங்கள் கடையில், உங்கள் கணினியிலேயே நடக்கட்டும்.

புதிய தரவுத்தளம் ஓடத் தொடங்கியதும் டிராயரைத் திறந்து பழைய பென்டிரைவ்களை எண்ணுங்கள். அவற்றிலும் ஐசி எண்கள் இருக்கின்றன. வரிக்காக வைக்க வேண்டிய பிரதி ஒன்று போதும்; தேவை முடிந்த தனிநபர் தரவை அழித்துவிடச் சொல்வதும் அதே தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான்.